நோய் செல்லும் வழி

வழிநடந்து செல்லும் ஒருவர் காலில் முள் தைக்கிறது. அவர் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தம் வழியே போகிறார். மறுநாட் காலையில் பார்க்கும்போது முள் தைத்த இடம் சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது, சுற்றிலும் வீங்கியிருக்கிறது, காலை ஊன்றினால் வலிக்கிறது. ஓரிரு நாளில் அவ்விடத்தில் சீழ் கட்டுகிறது. பின்னர்ச் சீழ் வெளிப்பட்டுப் புண் ஆறுகிறது. இறுதியில் ஒரு சிறு தழும்பு மட்டும் எஞ்சுகிறது.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்னும் இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் ஒருங்கு தொகுத்து எழுதிவைத்தார். மருத்துவ நூலார் இதனை அழற்சி என வழங்குவர். இந்நான்கும் முள் செய்த தீங்கு என்றே பலரும் எண்ணுவர். ஆராய்ந்து பார்த்தால், முள்ளோடு உள்நுழைந்த கிருமிகளை ஒழிக்க உடல் தானே மேற்கொண்ட முயற்சியின் அடையாளங்களே இவை என்பது புலனாகும். காயம்பட்ட இடத்திலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிகின்றன. குருதி அங்கே மிகுதியாகப் பாய்கிறது. அதனால் சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. குழாய்களின் சுவர் சற்றே நெகிழ்ந்து நீரைக் கசியவிடுகிறது. அதனால் வீக்கம் உண்டாகிறது. அந்நெகிழ்ச்சியின் வழியே குருதியிலுள்ள வெள்ளணுக்கள் வெளியேறிக் கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன. வீக்கத்தின் அழுத்தத்தாலும், அங்கே உண்டாகும் சில பொருள்கள் நரம்பு முனைகளைத் தாக்குவதாலும் வலி பிறக்கிறது. அப்போரில் மடிந்த வெள்ளணுக்களும், கிருமிகளும், சிதைந்த திசுக்களும் கலந்ததே சீழ் ஆகும்.

காலில் தைத்த முள் கற்பிக்கும் பாடம் பெரியது. நோய் என்பது வெளியிலிருந்து வந்து உடலிற் குடிபுகும் ஒரு பொருளன்று. ஒரு காரணம் உடலைத் தாக்க, உடல் அதனை எதிர்க்க, இவ்விரண்டினாலும் உடலுள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் மாறுதல்களின் தொடரே நோய் எனப்படும். அதற்குத் தொடக்கம் உண்டு, நடை உண்டு, முடிவும் உண்டு. ஆதலின், எந்த நோயைப் பற்றி அறியப் புகுவோரும் நான்கு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். நோய்க்குக் காரணம் யாது? அக்காரணம் உடலுள் எவ்வாறு தொழிற்படுகிறது? அதனால் உறுப்புகள் எவ்வாறு மாறுபடுகின்றன? அம்மாறுபாடு எவ்வகைக் குறிகளாக வெளிப்பட்டு, எவ்வாறு முடிகிறது? திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை இயற்றிய வள்ளுவரும், நோயின் தன்மையையும் அதன் மூலத்தையும் அதனைத் தணிக்கும் முறையையும் தெளிந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகிறார்.

இவ்வினாக்களுக்கு விடை தெரியாதபோது மனிதர் படும் இடர்களையும், விடை தெரிந்தபின் கிட்டும் நன்மையையும் காசநோயின் வரலாறு நன்கு விளக்கும்.

காசநோய் மிகப் பழைய நோய். எகிப்து நாட்டில் பன்னெடுங்காலத்திற்கு முன் பதப்படுத்தப்பட்ட பிணங்களின் முதுகெலும்பில் இந்நோயின் தடங்கள் காணப்பட்டுள்ளன. தமிழ் மக்கள் இதனைச் சயரோகம் என்றும், எலும்புருக்கி என்றும் வழங்கிவந்தனர். நோயாளரின் உடல் நாளுக்கு நாள் உருகித் தேய்வதைக் கண்டு இட்ட பெயர்கள் இவை. ஒரே குடும்பத்தில் பலர் அடுத்தடுத்து இந்நோயால் மாண்டதனால், இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வருவது என்று பலர் நம்பினர். தீவினைப் பயன் என்று கருதினோரும் உண்டு. எவ்வாறு கருதினும், நோயாளர்க்குக் கிடைத்த பயன் ஒன்றே. உற்றாரும் ஊராரும் அவரை ஒதுக்கினர்.

முதல் வினாவிற்கு விடை 1882-ஆம் ஆண்டில் கிடைத்தது. செருமனி நாட்டில் சிற்றூர் மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர் ஆராய்ச்சியில் ஈடுபட்ட இராபர்ட் காக் என்பவர், அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிஞர் அவையில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். மனித இனத்தில் ஏழில் ஒருவர் காசநோயால் இறப்பதாக அவர் அன்று எடுத்துரைத்தார். நோயுற்ற உறுப்புகளுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கியபோது, சிறு கோல்களைப் போன்ற கிருமிகள் அவற்றில் இருப்பதை அவர் கண்டார். கண்டதோடு அமையவில்லை. அக்கிருமிகளைத் தனியே பிரித்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தார், வளர்த்தவற்றை நோயற்ற சீமைப்பெருச்சாளிகளின் உடலிற் செலுத்தினார், அவை காசநோயுற்றன. இதனால், கிருமியே காரணம் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. அவர் அறிவித்த மார்ச்சு 24-ஆம் நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இனி, இரண்டாம் வினா. நுரையீரலிற் காசநோயுற்ற ஒருவர் இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவற்றுள் மிகச் சிறியவை கிருமிகளைத் தாங்கி நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அக்காற்றை உள்ளிழுப்பவரின் நுரையீரலில், மூச்சுக் குழல்களின் கடைமுனையிலுள்ள நுண்ணறைகளைக் கிருமி சென்று சேர்கிறது. உண்கலத்தைத் தொடுவதாலோ, உடையைத் தொடுவதாலோ, கைகுலுக்குவதாலோ இந்நோய் பரவுவதில்லை.

நுண்ணறைகளைக் காவல் புரியும் பெரிய விழுங்கணுக்கள் வந்த கிருமியை உடனே பற்றி விழுங்குகின்றன. வேறு கிருமிகளாயின் அங்கேயே செரிக்கப்பட்டு மாய்ந்துபோகும். காசநோய்க் கிருமியோ மெழுகு போன்ற போர்வையை உடையது. விழுங்கணு தன்னைச் செரிக்கும் செயலைத் தடுத்து, அதன் உள்ளேயே அது வாழக் கற்றிருக்கிறது. பகைவனைச் சிறையிலிட்ட காவலன் வீட்டிலேயே அப்பகைவன் மெல்ல மெல்லப் பெருகுவதை ஒக்கும் இந்நிலை. குடலில் வாழும் சிலவகைப் பாக்டீரியாக்கள் தக்க சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இந்நோய் ஓசையின்றி வருவதற்கும், நெடுநாள் மருந்து வேண்டுவதற்கும் இது ஒரு காரணமாகும்.

சில வாரங்களில் உடல் இப்பகைவனை இன்னதென்று அடையாளங் காண்கிறது. நிணநீர் அணுக்கள் திரண்டு வந்து, விழுங்கணுக்களுக்கு ஊக்கம் அளிக்கின்றன. கிருமிகள் இருக்கும் இடத்தைச் சுற்றி அணுக்கள் அடுக்கடுக்காக நின்று ஒரு மதில் எழுப்புகின்றன. இங்ஙனம் தோன்றும் சிறு கணுவின் நடுவிலுள்ள திசு மாய்ந்து, பாலாடைக்கட்டி போல் ஆகிறது. மூன்றாம் வினாவிற்குரிய விடை இக்கணுவே. இலத்தீன் மொழியில் சிறு கணுவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே டியூபர்குலோசிஸ் என்னும் மேனாட்டுப் பெயரும் பிறந்தது.

பெரும்பாலோர்க்குக் கதை இதனோடு நின்றுவிடுகிறது. மதிலுக்குள் கிருமி அடங்கிக் கிடக்கிறது; அவர் நலமாகவே வாழ்கிறார்; அவரிடமிருந்து பிறர்க்கு நோய் பரவுவதும் இல்லை. உலக மக்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் இக்கிருமி நுழையப் பெற்றவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர். கிருமி நுழைதல் வேறு, நோயுறுதல் வேறு என்பதை இதனால் தெளிக.

அங்ஙனமாயின், அந்த ஐந்து முதல் பத்துப் பேர் யாவர்? விதை ஒன்றாயினும் நிலத்திற்கேற்பவே விளைவு அமையும். பட்டினியும் சத்தில்லா உணவும் மதிலைத் தளர்த்துகின்றன. நீரிழிவு நோயும், எச்.ஐ.வி. தொற்றும், புகைப்பழக்கமும், மதுப்பழக்கமும் அவ்வாறே தளர்த்துகின்றன. முதுமையும் அதற்குத் துணைசெய்யும். இங்கிலாந்தில் காசநோயைத் தீர்க்கும் மருந்து தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்நோயால் இறப்போர் தொகை குறைந்துகொண்டு வந்தது. உணவும் உறையுளும் திருந்தியது அதற்கு ஒரு காரணம் என அறிஞர் பலர் கருதுவர். கிருமியே காரணம் என்பது உண்மை. ஆயினும் கிருமி மட்டுமே காரணம் என்பது முழுமையான உண்மை ஆகாது.

மதில் உடைந்தபின் நிகழ்வதை அறிய, நெசவாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. காற்றோட்டம் குறைந்த தறிக்கூடத்தில் அவர் நாள் முழுதும் உழைக்கிறார். அரைவயிற்று உணவோடு சில ஆண்டுகள் கழிகின்றன. அவர் நுரையீரலில் அடங்கிக் கிடந்த கணு ஒன்று நெகிழ்கிறது. அதன் நடுவிலுள்ள கட்டி உருகிக் குழம்பாகி, அருகிலுள்ள மூச்சுக் குழலுள் உடைப்பெடுக்கிறது. அது இருந்த இடத்தில் ஒரு குழி உண்டாகிறது. காற்று நிறைந்த அக்குழியில் கிருமிகள் கோடிக்கணக்கிற் பெருகுகின்றன. குழம்பை வெளியேற்ற உடல் இருமுகிறது. மாலைதோறும் மெல்லிய காய்ச்சல் காய்கிறது. இரவில் வியர்த்துக் கொட்டுகிறது. பசி குன்றி உடல் மெலிகிறது. கிருமியோடு போராடும் அணுக்கள் வெளியிடும் பொருள்கள் குருதியிற் கலந்து மூளையையும் தசையையும் தாக்குவதே காய்ச்சலுக்கும் மெலிவிற்கும் பெருங்காரணம். முள் தைத்த காலில் கண்ட உண்மையே இங்கும் காணப்படுகிறது. நோயாளர் உணரும் துன்பத்திற் பெரும்பகுதி, உடலின் எதிர்ப்பினால் விளைந்ததே.

நெசவாளர் அருகிலுள்ள கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடிக்கிறார். இருமல் சற்றே தணிகிறது. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை உட்கொள்கிறார். காய்ச்சலும் அன்றைக்கு விடுகிறது. குறிகள் தணிந்தனவே அன்றிக் காரணம் தணியவில்லை. இரண்டு திங்கள் கழிகின்றன. குழி பெரிதாகிக் குருதிக் குழாய் ஒன்றை அரிக்கிறது. ஒரு நாள் சளியோடு செங்குருதி வெளிப்படுகிறது. அதற்குள், அதே அறையில் உறங்கும் அவர் மனைவியும் மக்களும் கிருமி கலந்த காற்றைப் பலநாள் உள்ளிழுத்திருப்பர். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்தல் வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். கிருமி குருதியிற் கலந்தால் எலும்பையும், நிணநீர்க் கணுக்களையும், மூளையைச் சூழ்ந்த சவ்வையும் தாக்குதல் கூடும். குழந்தைகளை இத்தகைய கொடிய நிலையினின்றும் காக்கவே பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி இடப்படுகிறது.

நோயின் வழி தெரிந்தபின் அதனைத் தடுக்கும் மருந்தும் வேண்டும் அன்றோ? அமெரிக்க நாட்டில் செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், 1943-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் சாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். சாகும் தறுவாயில் இருந்தோர் அம்மருந்தால் எழுந்து நடமாடினர். மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில திங்களில் அவர்களுள் பலர் மீண்டும் நலிந்தனர். இம்முறை அதே மருந்து பயன்படவில்லை.

இதன் காரணத்தை அறிஞர் ஆராய்ந்து கண்டனர். குழியிலுள்ள கோடிக்கணக்கான கிருமிகளுள் மிகச் சில, தற்செயலாக, அம்மருந்துக்கு அடங்காத இயல்போடு தோன்றுகின்றன. ஒரே மருந்தைக் கொடுத்தால் அடங்குபவை எல்லாம் மடிகின்றன. அடங்காத சில எஞ்சிப் பெருகி நுரையீரல் முழுதையும் கைப்பற்றுகின்றன. களைக்கொல்லிக்கு மடியாத களை மட்டும் வயலில் தழைப்பதைப் போன்றது இது. ஆனால், ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி வேறொரு மருந்துக்கும் அடங்காதிருத்தல் மிக மிக அரிது. ஆகவே, இரண்டு மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. 1952-ஆம் ஆண்டில் ஐசோனியசிட் என்னும் மருந்தும் கிடைத்தபின் காசநோய் தீர்க்கத்தக்க நோய் ஆயிற்று.

ஆயினும் இந்திய நாட்டில் ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. காசநோயாளரைத் தூய காற்றும், ஓய்வும், நல்ல உணவும் கிடைக்கும் தனி மருத்துவமனைகளில் நெடுநாள் வைத்துப் பேணுவதே அந்நாள் வழக்கம். சென்னைக்கு அருகிலுள்ள தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து நிறுவிய மருத்துவமனை அத்தகையது. அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் தாங்கி நிற்கிறது. நோயாளர் தொகையோ பெரிது. இத்தகைய மருத்துவமனைகளிலுள்ள படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் நோய் தீருமா? வீட்டிலுள்ள ஏனையோர்க்குப் பரவாதா? இவ்வினாக்களுக்கு விடை காண 1956-ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் ஒன்றுகூடின.

ஆய்வாளர்கள் சென்னையில் வாழ்ந்த ஏழை நோயாளர் ஏறத்தாழ இருநூற்றுவரைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு பிரிவினர் நெருக்கம் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர். முடிவு 1959-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் மருத்துவமனையில் இருந்தோர்க்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்தனர். அவர்கள் குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. உறவினர்க்கு நேரும் தொற்றிற் பெரும்பகுதி, நோய் இன்னதென்று அறியுமுன்பே நேர்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் கிருமி வெளிப்படுதல் விரைவிற் குறைந்துவிடுகிறது. இவ்வுண்மை சென்னை மக்களின் எளிய இல்லங்களிலிருந்து உலகம் முழுதும் பரவிற்று. காசநோயாளர் மனையையும் மக்களையும் பிரிந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கவேண்டிய நிலை நாளடைவில் மறைந்தது. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு அதே சேத்துப்பட்டில் இயங்கிவருகிறது.

மருந்துக்கு அடங்கும் வழக்கமான காசநோய் இந்நாளில் ஆறு திங்களில் தீர்க்கப்படுகிறது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. அங்ஙனமிருந்தும், 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.5 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். மருந்து இருந்தும் மனிதர் மாள்வது ஏன்?

மேற்கூறிய நெசவாளர் சளியைச் சோதித்து, மருந்து உண்ணத் தொடங்கினார் எனக் கொள்க. சில வாரங்களில் காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, இரண்டு திங்களில் உடலில் வலிமை திரும்புகிறது. நோய் தீர்ந்தது என்று அவர் கருதுகிறார். மருந்து வாங்கச் செல்லும் நாள்களில் தறி நிற்பதால் கூலியும் போகிறது. அவர் மருந்தை நிறுத்திவிடுகிறார். விரைந்து பெருகும் கிருமிகள் மடிந்தமையால் குறிகள் மறைந்தன. மெல்லப் பெருகும் கிருமிகளும், உறங்கிக் கிடப்பனவும் கணுக்களுள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை ஒழிக்கவே மற்ற நான்கு திங்கள் மருந்து. அதனை நிறுத்தியவரிடம் நோய் மீண்டும் தலையெடுத்தல் கூடும். இடையிடையே விட்டு விட்டு உண்பவரிடம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் கூடும். அவரிடமிருந்து பிறர்க்குப் பரவுவதும் அவ்வடங்காத கிருமியே ஆகும். குறி மறைந்தது என்பதற்கும் நோய் தீர்ந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் ஓர் உயிர்க்கு நேரும் இடர் பல உயிர்களுக்கும் இடராகிறது.

மருந்தை நிறுத்துவோரை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. நோயை வெளியிற் சொன்னால் வேலை போய்விடும், மகளின் திருமணம் தடைப்படும், அண்டை வீட்டார் முகங்கொடார் என்று அஞ்சி மறைப்போர் பலர். முன்னோர் நோயாளரை ஒதுக்கியதற்கு அறியாமை காரணமாக இருந்தது. நோயின் காரணமும், அது பரவும் வழியும், தீரும் வழியும் தெரிந்த இக்காலத்தில் அவ்வாறு ஒதுக்குவோர்க்கு அக்காரணமும் இல்லை. நீடித்த இருமல் உடையவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வதும், மருந்து உண்பவர் ஆறு திங்களும் தவறாது உண்ணத் துணைநிற்பதும், அவர் இல்லத்தில் பலகணிகளைத் திறந்துவைப்பதும், அவர்க்கு வயிறார உணவு அளிப்பதும் கற்றோர் எவரும் செய்யத்தக்க பணிகள். நோய் செல்லும் வழியை அறிந்த மாணவர், அவ்வழியில் அதனைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் ஆவர்.